நிஹோங்கா முறையில ஆள் உருவம் வரையக் கத்துக்க ஜப்பான் போறீங்களா? எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்

கிமோனோ கட்டின பொண்ணு, வெள்ளை முகம், ஒரே கோட்டுல இறங்குற கழுத்து, பின்னாடி ஒண்ணுமே வரையாத வெறும் பட்டு. இந்தப் படங்களைப் பாத்து ஆசைப்பட்டு என்கிட்ட கேக்குறவங்க எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி, எந்த பெயிண்ட் வாங்கணும்ங்கறதுதான். அது அஞ்சாவதா கேக்க வேண்டிய கேள்வி. இந்த விஷயத்துல காசும் மாசமும் வீணாப் போறது பெரும்பாலும் வரிசை மாறிப் போறதாலதான், வாத்தியார் கிடைக்கறதுக்கு முன்னாடி விசா தேடுறது, பசை காய்ச்சத் தெரியறதுக்கு முன்னாடி விலை உயர்ந்த கல்பொடி வாங்குறது, கோடு நிக்கறதுக்கு முன்னாடி முகத்துல கை வைக்கிறது. அதனால கியோட்டோவுல நான் கத்துக்கிட்டப்ப பட்ட பாட்டை வச்சு வரிசையாவே எழுதுறேன். ஜப்பானிய பாணி ஓவியத்துக்கு நிஹோங்கான்னு பேரு, கல்லைப் பொடி பண்ணின நிறத்தை விலங்குப் பசையில குழைச்சு காகிதத்துலயோ பட்டுலயோ வரையறது. அதுல ஆள் உருவம் வரையற பகுதியைப் பத்தி மட்டும்தான் இங்க பேசப்போறேன்.

1. எவ்வளவு நாள்னு முதல்ல முடிவு பண்ணுங்க

மூணு வழி இருக்கு, மூணுக்கும் காசு, பேப்பர், நேரம் எல்லாமே வேற வேற.

முதல் வழி, 90 நாளுக்குள்ள டூரிஸ்ட்டா வந்து சின்ன வகுப்புகள்ல கத்துக்கறது. சம்பளம் எதுவும் வாங்காம இருக்கிற வரைக்கும் இதுல பிரச்சனை இல்ல. டோக்கியோவுல டென்னோசு பக்கம் பிக்மென்ட் டோக்கியோன்னு ஒரு கடை இருக்கு, சுவர் முழுக்க நிறப்பொடி பாட்டில், அங்க ஒர்க்‌ஷாப்பும் நடத்துறாங்க. இது உங்களுக்கு ஒத்துவருமான்னு தெரிஞ்சுக்க அந்த மாதிரி ஒரு நாள் போதும். ஆனா 90 நாள்ல முகம் வரைய வராது, அதை எதிர்பாத்து வராதீங்க.

ரெண்டாவது வழி, கலாசார நடவடிக்கை விசா. ஜப்பானுக்கே உரிய ஒரு கலையை ஒரு நிபுணர்கிட்ட நேரடியா கத்துக்கறவங்களுக்குன்னே இருக்கிற விசா இது. 3 மாசம், 6 மாசம், 1 வருஷம், 3 வருஷம்னு கொடுப்பாங்க. சம்பளத்துக்கு வேலை பாக்கக் கூடாது. தனியா ஒரு ஓவியர்கிட்ட கத்துக்க நினைக்கிறவங்களுக்கு இதுதான் சரியான கதவு, ஆனா நம்ம ஊர்ல இதைப் பத்தி சொல்ல ஆளே இல்ல.

மூணாவது, யூனிவர்சிட்டி. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் உஎனோவுல இருக்கு, கியோட்டோ நகரக் கலைப் பல்கலைக்கழகம் 2023ல கியோட்டோ ஸ்டேஷன் பக்கத்துக்கு மாறி வந்திருச்சு, ரெண்டுலயும் நிஹோங்கா துறை இருக்கு. நேரா மாஸ்டர்ஸ்ல நுழையறதுக்கு முன்னாடி கென்கியூசெய்ங்கற ஆராய்ச்சி மாணவரா சேர்றதுதான் வெளிநாட்டுக்காரங்க வழக்கமா போற பாதை. தேசியப் பல்கலைக்கழகங்களுக்கான பொதுவான கட்டணம் விண்ணப்பத்துக்கு 9,800 யென், சேர்க்கைக்கு 84,600 யென், மாசத்துக்கு 29,700 யென். நீங்க பாக்குற காலேஜ்ல இதுலேருந்து மாறலாம், அவங்க கையேட்டைப் பாத்துக்கோங்க. ஜப்பான் அரசோட மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப்புக்கு இந்தியாவுல தூதரகம் வழியா விண்ணப்பிக்கிற அறிவிப்பு ஏப்ரல், மே வாக்குல வரும், வயசு 35க்குள்ள இருக்கணும், கிடைச்சா ஃபீஸ் கிடையாது, மாசச் செலவுக்கும் பணம் வரும். ஆனா விண்ணப்பிச்சதுலேருந்து ஃப்ளைட் ஏற ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிரும், அதைக் கணக்குல வச்சுக்கோங்க.

2. வாத்தியாரைப் பிடிங்க, அப்புறம்தான் விசா

விசாவுக்கான பேப்பர் எல்லாமே வாத்தியார்கிட்டேருந்துதான் ஆரம்பிக்குது. யார்கிட்ட, என்ன, எத்தனை நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு எழுத்துல இல்லன்னா இமிக்ரேஷன்ல கோப்பே நகராது.

தேடும்போது ஆள் உருவம் வரையறவரான்னு பாருங்க. நிஹோங்கா வாத்தியார்கள்ல பூ, பறவை, மலைன்னு வரையறவங்க அதிகம், அவங்ககிட்ட போனா ரெண்டு வருஷம் செம்பருத்தியே வரைஞ்சுக்கிட்டு இருப்பீங்க, அது நல்ல பயிற்சிதான் ஆனா நீங்க வந்தது அதுக்கில்லையே. பெண் உருவப்படத்துக்கு பிஜிங்கான்னும், பொதுவா ஆள் படத்துக்கு ஜிம்புட்சுகான்னும் சொல்லுவாங்க. கண்காட்சிக்குப் போனா பேர் அட்டையில இருக்கிற பேரைக் குறிச்சுக்கிட்டு வந்து தேடுங்க, பல பேர் வீட்டுலயே சின்னதா ஒரு குழுவுக்குச் சொல்லிக் கொடுக்குறாங்க.

முதல் கடிதம் ஜப்பானிய மொழியில, ரொம்ப நீளமில்லாம, கூடவே உங்க பென்சில் ஸ்கெட்ச் பத்துப் பதினஞ்சு. முடிச்ச கலர் படத்தை விட கை, காது, மடிப்பு விழுந்த துணி, உக்காந்திருக்கிற ஆளுன்னு நேர்ல பாத்து வரைஞ்ச கோட்டுப் படங்களைத்தான் அவங்க உத்துப் பாப்பாங்க. ஆனிமே பாணி படங்களை அதுல கலக்காதீங்க. பதில் வர மூணு நாலு வாரம் ஆகும், அதுக்குள்ள திரும்பத் திரும்ப எழுதி நச்சரிக்காதீங்க. இங்கிலீஷ்ல சமாளிச்சிரலாம்னும் நினைக்காதீங்க, பட்டறையில பேசுறது முழுக்க ஜப்பானிய மொழி, ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியில குறைஞ்சது என்4 அளவாவது கையில இருக்கட்டும்.

ஃபீஸ் நான் பாத்த வரைக்கும் தனி வாத்தியார்கிட்ட மாசம் 5,000லேருந்து 15,000 யென் வரைக்கும், வாரம் ஒரு தடவையா ரெண்டு தடவையாங்கறதைப் பொறுத்து. மாசம் பிறந்ததும் கவர்ல போட்டு கசங்காத நோட்டா கொடுக்கணும், யாரும் கேக்க மாட்டாங்க, நீங்களா கொடுக்கணும். பெரிய ஊர்கள்ல இருக்கிற கலாசார மையங்கள்ல மூணு மாச கோர்ஸ், மாசம் ரெண்டு வகுப்புன்னு இருக்கும், அது மலிவு, ஆனா அவங்க விசாவுக்குக் கடிதம் தருவாங்கன்னு நம்பி கணக்குப் போடாதீங்க. ஏற்கனவே வேலை விசாவுலயோ குடும்ப விசாவுலயோ ஜப்பான்ல இருக்கிறவங்களுக்குத்தான் அது வசதி.

3. பேப்பர் வேலை

ஜப்பானுக்குள்ள இருக்கிற இமிக்ரேஷன் ஆபீஸ்ல தகுதிச் சான்றிதழ் வாங்கணும், எல்லாரும் சிஓஇன்னு சொல்றது இதைத்தான். உங்களுக்காக அங்க இருக்கிற வாத்தியாரோ நிறுவனமோ விண்ணப்பம் போடலாம். அதுக்கு ஃபீஸ் இல்ல. ஒரு மாசத்துலேருந்து மூணு மாசம் ஆகும். வந்த தேதியிலேருந்து மூணு மாசத்துக்குள்ள நாட்டுக்குள்ள நுழைஞ்சிரணும், அதனால ரொம்ப முன்னாடி வாங்கி வச்சும் பிரயோஜனம் இல்ல. இப்ப ஈமெயில்லயே வாங்கிக்கற வசதி இருக்கு, கூரியர் செலவு மிச்சம். சிஓஇ வந்ததும் தமிழ்நாட்டுக்காரங்க சென்னைத் துணைத் தூதரகத்துக்கு உட்பட்ட விசா மையத்துல கொடுக்கலாம், அந்தக் கட்டம் சீக்கிரம் முடிஞ்சிரும். மொத்தத்துல ஏப்ரல்ல ஆரம்பிக்கணும்னா முந்தின செப்டம்பர்லயே வாத்தியார்கிட்ட சம்மதம் வாங்கியிருக்கணும்.

தேவைப்படுறது இதெல்லாம்: விண்ணப்பப் படிவம், 4க்கு 3 செமீ ஃபோட்டோ, என்ன கத்துக்கப் போறீங்க எத்தனை நாள்னு விளக்குற கடிதம், வாத்தியாரோட வாழ்க்கைக் குறிப்பும் அவர் செஞ்ச கண்காட்சி, வாங்கின பரிசுகளோட பட்டியலும், உங்க படிப்புச் சான்றிதழ் அல்லது இந்தத் துறையில நீங்க செஞ்சதுக்கு ஆதாரம், அப்புறம் செலவுக்குப் பணம் இருக்குங்கறதுக்கு பேங்க் பேப்பர். வாத்தியாரோட குறிப்புதான் இதுல முக்கியம், அவர் நிபுணர்னு இமிக்ரேஷன் ஒத்துக்கிட்டாத்தான் மத்தது எல்லாம். வயசானவங்க தங்களோட சாதனையை எழுதக் கூச்சப்பட்டு மூணு வரியில முடிச்சுருவாங்க, மரியாதையா கேட்டு, கண்காட்சி கேட்டலாக் பக்கங்களோட நகல் வாங்கிச் சேருங்க.

ஜப்பானிய மொழியில இல்லாத எல்லா ஆவணத்துக்கும் மொழிபெயர்ப்பு வைக்கணும். அதுக்குன்னு அங்கீகாரம் வாங்கின ஆள்தான் செய்யணும்னு கட்டாயம் இல்ல, யார் செஞ்சாங்கன்னு பேர் போட்டுருந்தா போதும், அதனால பக்கத்துக்கு ஆயிரக்கணக்குல கேக்குற ஏஜென்ட்கிட்ட மாட்டாதீங்க.

நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது இனிஷியல். டிகிரி சர்டிஃபிகேட்ல எஸ். கார்த்திக்னு இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரை விரிச்சு ரெண்டாப் பிரிச்சிருப்பாங்க, பேங்க்ல வேற மாதிரி இருக்கும். அங்க உக்காந்திருக்கிறவருக்கு இது மூணு வேற ஆள். மூணும் ஒரே ஆள்னு நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு எடுத்து, அதுக்கும் மொழிபெயர்ப்பு வச்சு முதல்லயே சேத்துருங்க. என் கோப்பு இதுக்காகத்தான் கூடுதல் ஆவணம் கேட்டுத் திரும்ப வந்துச்சு.

பேங்க்ல எவ்வளவு காட்டணும்? கியோட்டோவுல சின்ன ரூம், சாப்பாடு, ஃபீஸ், சாமான் எல்லாம் சேத்து மாசம் ஒண்ணேகால் லட்சத்துலேருந்து ஒண்ணரை லட்சம் யென் ஆகுது, தங்குற மாசத்தால பெருக்கிக்கோங்க. கடைசி வாரத்துல யாரோ ஒருத்தர்கிட்ட வாங்கி மொத்தமா போட்ட பணம் ஸ்டேட்மென்ட்ல துருத்திக்கிட்டு தெரியும். அப்பாவோ அண்ணனோ செலவு பாத்துக்கறாங்கன்னா அவங்களோட வருமான ஆதாரம், உறவை நிரூபிக்கிற பேப்பர் ரெண்டும் வையுங்க.

4. இறங்கின முதல் ரெண்டு வாரம்

பெரிய ஏர்போர்ட்ல இறங்கினா குடியிருப்பு அட்டையை அங்கேயே கொடுத்துருவாங்க. வீடு கிடைச்ச 14 நாளுக்குள்ள வார்டு ஆபீஸ்ல முகவரியைப் பதிஞ்சு, அன்னைக்கே தேசிய மருத்துவக் காப்பீட்டுலயும் சேருங்க. 20 வயசுக்கு மேல இருந்தா பென்ஷனும் கட்டணும்னு பேப்பர் வரும், வருமானம் இல்லாதவங்களுக்கு விலக்கு உண்டு, ஆனா அதுக்கு நீங்களா விண்ணப்பிக்கணும், கடிதத்தை ஒதுக்கி வச்சுட்டா பாக்கி ஏறிக்கிட்டே போகும். கத்துக்கிட்டு இருக்கும்போதே படம் விக்கிறது, தமிழ் ட்யூஷன் எடுக்கிறதுன்னு எதுவா இருந்தாலும் காசு கைக்கு வந்தா அனுமதி வேணும், இதை லேசா எடுத்துக்காதீங்க. விசா நீட்டிப்புக்கு முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே போடலாம். கவுன்டர்ல கட்டுற கட்டணம் 2025 ஏப்ரல்ல 6,000 யென் ஆச்சு, நீங்க போடுற சமயத்துல இருக்கிற ரேட்டைப் பாத்துக்கோங்க.

5. சாமான்: கொஞ்சமா, நிதானமா

கடைக்குள்ள போனா கை நிக்காது. அந்த நீலத்தைப் பாத்தா யாருக்குமே நிக்காது. அதனால லிஸ்ட்டோட போங்க, வாத்தியாரைக் கேக்காம லிஸ்ட்ல இல்லாத எதையும் எடுக்காதீங்க.

நிறம் மூணு தரம். இயற்கைக் கல்லைப் பொடிச்சது, அசுரைட் கல்லுலேருந்து நீலம், மலக்கைட்லேருந்து பச்சை. அடுத்தது செயற்கை இவா-எனோகு, அதாவது செயற்கைக் கல்பொடி, கண்ணாடியை நிறமேத்தி உடைச்சுப் பொடிச்சது. மூணாவது சுய்ஹி, மண்ணும் கோஃபுன்ங்கற வெள்ளைச் சிப்பி ஓட்டுப் பொடியும் சாயமும் சேந்த மெல்லிசு பொடி. கல்பொடி பாட்டில்ல ஒரு நம்பர் இருக்கும், 5ன்னா கரகரன்னு இருக்கும், நிறம் அடர்த்தி, 13ன்னா ரொம்ப நைஸ், நிறம் வெளுப்பு, அதுக்கும் நைஸான கடைசித் தரத்துக்கு ப்யாகுன்னு பேரு. ஒரே கல், நம்பர் மாறினா வேற நிறம். கரகரப்பான பொடியில மெல்லிசான இடத்தை நிரப்ப முடியாது, ஆள் படத்துல 5, 6 நம்பருக்கு கிமோனோ மேல இடுப்புல சுத்துற ஒபி பட்டை, தரை மாதிரி இடத்தைத் தவிர வேலையே இல்ல. பொடியை எடை போட்டுத்தான் தருவாங்க, 15 கிராம்ங்கறது பழைய அளவு. செயற்கைப் பொடி 15 கிராம் சில நூறு யென்லேருந்து ஆயிரம் சொச்சம் வரும், இயற்கை நீலம் அதே 15 கிராமுக்குப் பல ஆயிரம் போகும். முதல் வருஷம் சுய்ஹியும் கொஞ்சம் செயற்கையும் போதும்.

பிரஷ்ல காசைக் குறைக்காதீங்க. மெல்லிசு கோட்டுக்கு மென்சோ, நிறம் நிரப்ப சாய்ஷிகி, நிறத்தைத் தண்ணியில கரைச்சு மங்க வைக்க குமாதோரி, அகலமா பூச ஹாகே. குமாதோரி ரெண்டு வாங்குங்க, ஒண்ணு நிறத்துக்கு ஒண்ணு வெறும் தண்ணிக்கு, ரெண்டையும் ஒரே கையில மாத்தி மாத்திப் பிடிச்சுத்தான் வேலை செய்யணும். மென்சோ நல்லதா 1,500 யென்லேருந்து 3,000 யென் வரைக்கும், இது ஒண்ணுலதான் முகமே இருக்கு.

காகிதம்னா குமொஹாதா மாஷி, எச்சிசென் பக்கம் செய்யற தடிமனான காகிதம். இதுல தோசா பூசினது, பூசாததுன்னு ரெண்டு உண்டு. தோசாங்கறது பசையும் படிகாரமும் கலந்த தண்ணி, அது பூசலன்னா நிறம் ஊறிப் பரவிரும். பூசினதையே வாங்குங்க. ஓரத்துல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, முத்தா நின்னா சரி, உறிஞ்சினா மறுபடி பூசணும், அதுவும் மழை நாள்ல பூசாதீங்க, காய்ஞ்ச வெயில் நாளாப் பாருங்க. பட்டு ஆசை எல்லாருக்கும் வரும், அதை ரெண்டாம் வருஷத்துக்குத் தள்ளுங்க.

கியோட்டோவுல 1751லேருந்து இருக்கிற உஏபா எசோ மாதிரி கடைகள்ல கேட்டா பொறுமையா சொல்லுவாங்க, வெள்ளைக்கு பக்கத்து ஊரான உஜியில கோஃபுன் செய்யறவங்களே இருக்காங்க. வெள்ளைப் பீங்கான் தட்டு ஒரு பத்து, சின்ன உரல், இங்க் கல், சுமிங்கற கறுப்பு மை எல்லாம் சேத்து ஆரம்பச் செலவு 25,000லேருந்து 35,000 யென் வச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி ஊர்ல இருந்தே கை பழக்கணும்னா கன்சாய்ங்கற பசை சேர்த்த கேக் கலர் ஒரு செட்டும் ஒரு மென்சோவும் வாங்கிக்கிட்டா ஆரம்பிக்கலாம்.

ரெண்டு விஷயம் தெரிஞ்சு வாங்குங்க. சைவக்காரங்களுக்கு: பசை மாட்டுத் தோல் எலும்புலேருந்து வர்றது, கோஃபுன் சிப்பி ஓடு. மனசு ஒப்பலன்னா வர்றதுக்கு முன்னாடியே வாத்தியார்கிட்ட பேசிருங்க, பாதியில சொன்னா ரெண்டு பேருக்கும் சங்கடம். இன்னொண்ணு, இயற்கைச் சிவப்பு ஷின்ஷாவும் ஷுங்கற சிவப்பும் பாதரசக் கலவை, பச்சையும் நீலமும் தாமிரம். பிரஷ் முனையை உதட்டுல வச்சுக் கூராக்குற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்ருங்க, சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுங்க, குழந்தை இருக்கிற வீட்டுல பொடியைப் பூட்டி வையுங்க.

6. பசை

யாரும் படம் எடுத்துப் போடாத வேலை இது, ஆனா பத்து வருஷம் கழிச்சு படம் உதிராம இருக்கிறது இதுலதான் இருக்கு.

விலங்குப் பசைக்கு நிகாவான்னு பேரு. குச்சி வடிவத்துல இருந்தா துணியில சுத்தி உடைச்சு, 10 கிராமுக்கு ஏறக்குறைய 100 மில்லி தண்ணியில ராத்திரி முழுக்க ஊற வையுங்க. மறுநாள் நேரா அடுப்புல வைக்காம, வெந்நீர் பாத்திரத்துக்குள்ள வச்சுக் கரைங்க, 70 டிகிரிக்கு மேல போகக் கூடாது, கொதிச்சா ஒட்டுற சக்தி போயிரும். மெல்லிசு துணியில வடிகட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு வாரம் வரும். வெயில் காலத்துல வெளிய வச்சா ஒரே நாள்ல நாத்தம், நாத்தம் வந்ததை யோசிக்காம கொட்டிருங்க. சென்னைக்குத் திரும்பி வந்து தொடர நினைக்கிறவங்க சின்ன அளவா ரெண்டு நாளைக்கு மட்டும் காய்ச்சுங்க.

தட்டுல பொடி போட்டு, பசை கொஞ்சம் விட்டு, நடுவிரல்ல தேச்சுக் குழைச்சு ஒவ்வொரு துகளும் நனைஞ்சதுக்கு அப்புறம்தான் தண்ணி. பிரஷ்ல கலக்கினா உள்ள காஞ்ச பொடி நிக்கும். அளவு சரியான்னு பாக்க, ஓரத்துல பூசிக் காயவிட்டு விரலால தேயுங்க. விரல்ல பொடி வந்தா பசை பத்தல, பளபளன்னு இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்தா அதிகம், அது பின்னாடி வெடிக்கும். மேல போகப் போக பசை குறையணும், கீழ் அடுக்கை விட மேல் அடுக்குல பசை அதிகமானா மேலது கீழதை இழுத்து உரிச்சிரும். மிஞ்சின நிறத்தைத் தூக்கிப் போடாதீங்க, வெந்நீர் ஊத்தி, படிய விட்டு, மேல் தண்ணியை வடிச்சுக் காயவச்சா அடுத்த தடவைக்கு ஆச்சு.

7. கோடு

குறைஞ்சது ஆறு மாசம் கோடு மட்டும். வாத்தியார் இன்னும் நீட்டினா நீட்டட்டும்.

பழைய படத்தைப் பாத்து எழுதுறதுதான் பாடம். மாதிரிப் படத்து மேல மெல்லிசு மினோ காகிதத்தை வச்சு, கீழ்ப்பக்கத்தை உருளையில சுத்தி, மேல தூக்கிப் பாத்து, உடனே இறக்கி, கண்ணுல அந்தக் கோடு மறையறதுக்குள்ள எழுதணும். ட்ரேஸ் பண்றதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, ட்ரேஸ் பண்ணினா கை தயங்கித் தயங்கிப் போகும், இதுல கோடு ஒரே மூச்சுல வரும். காகிதம் தரையிலயோ மேசையிலயோ படுத்த வாக்குலதான் இருக்கணும், சாய்ச்சா நிறம் ஓடிரும். முழங்கால் போட்டு உக்காந்து மணிக்கணக்கா குனியணும், வர்றதுக்கு முன்னாடியே அதைப் பழகிக்கோங்க.

மாதிரிக்கு, பெண் உருவப்படம் வரைஞ்ச ஓவியர் உஎமுரா ஷோஎன் படங்களை எடுத்துக்கோங்க. அந்தம்மா 1949ல போயிட்டாங்க, ஜப்பான்ல காப்புரிமை முடிஞ்சிருச்சு, நீங்க பாத்து வரைஞ்சதை வெளிய காட்டலாம். அதே மாதிரி பெண் உருவம் வரைஞ்ச கபுராகி கியோகாதாவும் இதோ ஷின்சுய்யும் 1972ல இறந்தவங்க, ஜப்பான் சட்டத்துல இறப்புக்குப் பின் 70 வருஷம், அதனால 2042 முடியற வரைக்கும் உரிமை இருக்கு. வீட்டுல பழகலாம், ஆனா நகலை நெட்ல போடுறதும் விக்கிறதும் வேண்டாம்.

அச்சுப் புத்தகத்துல கோட்டோட தடிமன் தெரியாது, நேர்ல பாருங்க. ஷோஎன் படங்களுக்கு நாராவுல ஷோஹாகு மியூசியம், கியோகாதாவுக்கு கமாகுராவுல அவர் பேர்லயே சின்ன மியூசியம், டோக்கியோவுல யமாதானே மியூசியம். பட்டும் நிறமும் மங்கும்னு படங்களை மாத்தி மாத்தித்தான் வைப்பாங்க, நீங்க தேடிப்போற படம் அன்னைக்கு வெளிய இருக்கான்னு பாக்காம டிக்கெட் எடுக்காதீங்க. உள்ள குறிப்பெடுக்க பென்சில் மட்டும்தான்.

8. உடம்பும் கிமோனோவும்

நேர்ல ஆளை உக்கார வச்சு ஷாசெய், அதாவது ஸ்கெட்ச், நிறைய பண்ணணும். கியோட்டோவுல கிமோனோ வாடகைக்குக் கிடைக்கும், தோழி யாரையாவது கட்டிக்கிட்டு வரச் சொல்லி, பணம் நீங்க கொடுத்து, பாதி நாள் வரைஞ்சுக்கோங்க. துணிக்குள்ள உடம்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்காம வெளி மடிப்பை மட்டும் வரைஞ்சா ஆள் உக்காந்திருக்க மாட்டா, துணிதான் உக்காந்திருக்கும்.

ஜப்பான்காரங்க பாத்த உடனே கண்டுபிடிக்கிற தப்பு ஒண்ணு உண்டு. கிமோனோ கட்டும்போது கட்டினவங்களோட இடது பக்கத் துணிதான் மேல வரணும். வலது பக்கம் மேல வந்தா அது இறந்தவங்களுக்குக் கட்டுறது. செல்ஃபி ஃபோட்டோ சில சமயம் கண்ணாடி பிம்பமா திரும்பியிருக்கும், அதைப் பாத்து வரைஞ்சா ஒரு மாச வேலை அப்படியே போயிரும், யாரும் உங்க முகத்துக்கு நேரா சொல்லவும் மாட்டாங்க. அதே மாதிரி நீளத் தொங்கு கை இருக்கிற ஃபுரிசோதே கல்யாணம் ஆகாதவங்களுக்கு, துணியில இருக்கிற பூ படத்தோட பருவத்துக்குப் பொருந்தணும், மேப்பிள் இலை போட்ட கிமோனோவும் பின்னாடி செர்ரிப் பூவும் ஒட்டாது.

ஸ்கெட்ச் முடிஞ்சதும் சின்ன வரைவு, அப்புறம் படத்தோட அதே சைஸ்ல பெரிய வரைவு, எல்லாத் திருத்தமும் அதுலயே முடியணும். அதை நென்ஷிங்கற பொடி தேச்ச காகிதத்தால மாத்தி, சுமி இங்க்ல கோட்டை எழுதுறதுக்கு கொட்சுகாகின்னு பேரு. முதல் படம் எஃப்6 சைஸ் போதும், 41க்கு 31.8 செமீ, ஒரே ஆள், மார்பு வரைக்கும். இடுப்புக்குக் கீழ முழு உருவத்துக்கு அப்புறம் போகலாம்.

9. கோஃபுன், கடைசியா முகம்

நிஹோங்கா முகத்தோட வெளிச்சம் கோஃபுன்லேருந்துதான் வருது. உரல்ல நைஸா அரைங்க, அரைச்சது போதும்னு தோணினதுக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் அரைங்க. பசையைச் சொட்டுச் சொட்டா விட்டு கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சு, தட்டுல ஓங்கி ஓங்கி அடிங்க, நூறு தடவைன்னு சொல்லுவாங்க, எண்ணிக்கை முக்கியமில்ல, உருண்டை மேல வெடிப்பில்லாம வழவழன்னு ஆகணும். அப்புறம் கயிறு மாதிரி உருட்டித் தட்டுல சுத்தி வச்சு வெந்நீர் ஊத்திக் கொஞ்ச நேரம் விட்டா அழுக்கு வெளிய வரும், அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுத்தான் புதுத் தண்ணியில கரைக்கணும்.

பூசும்போது எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு, கோஃபுன் ஈரத்துல கண்ணுக்கே தெரியாது, காஞ்சாத்தான் வெள்ளை ஏறும். தெரியலையேன்னு மேல மேல பூசினா காஞ்சதும் சுண்ணாம்பு அடிச்ச சுவராயிரும், வெடிக்கவும் செய்யும். தண்ணியா ஒரு பூச்சு, முழுசாக் காயணும், மறுபடி ஒரு பூச்சு, அவசரப்பட்டு ஹேர் ட்ரையர் காட்டாதீங்க. முகத்துக்கு அடியில கொட்சுகாகி கோடு மங்கலாத் தெரியணும், அதைத்தான் பின்னாடி மறுபடி எடுக்கப் போறீங்க.

கன்னத்துக்கும் கண் இமைக்கும் லேசான சிவப்பு, நிறத்தை வச்ச உடனே தண்ணி பிரஷ்ஷால வெளிப்பக்கம் இழுத்து எல்லை தெரியாம கரைக்கணும். இதுக்குத்தான் ரெண்டு குமாதோரி பிரஷ் வாங்கச் சொன்னது. கோடுகளுக்கு முகத்துல சுத்தக் கறுப்பு வேண்டாம், மூக்குக்கும் விரலுக்கும் சிவப்பு கலந்த பழுப்பு. தலைமுடி முதல்ல மெல்லிசா சுமி, அடுக்கடுக்கா, நெத்தியில முடி தொடங்குற இடத்துல இழை இழையா, அந்த ஓரம் கத்தரிச்ச மாதிரி இருந்தா முகம் முழுக்க முகமூடியாயிரும். கண்ணும் உதடும் எல்லாத்துக்கும் கடைசி, கிமோனோ, ஒபி, பின்னணி எல்லாம் முடிஞ்சு, ஒரு நாள் படத்தை ஆற விட்டு, காலையில கை நடுங்காத நேரத்துல. மேல் இமைக் கோடு ஒரு மயிரிழை இறங்கினா அந்தப் பொண்ணு அழறா, ஏறினா முறைக்கிறா. அன்னைக்கு மனசு சரியில்லன்னா பிரஷ்ஷை எடுக்காதீங்க, நாளைக்கு எடுத்துக்கலாம்.

எஃப்6 சைஸ் ஒரு படத்துக்கு, ஸ்கெட்ச்லேருந்து கண் வரைக்கும், வாரம் ரெண்டு வகுப்பும் வீட்டுல வேலையும்னு வச்சா மூணு மாசம் ஆகும். சீக்கிரம் முடிச்சுக் காட்டணும்னு வாத்தியார் எதிர்பாக்க மாட்டார்.

10. படத்தை ஊருக்குக் கொண்டு போறது

பலகையில ஒட்டின படத்தைச் சுருட்டாதீங்க, கோஃபுனும் கல்பொடியும் வளைஞ்சா உதிரும். சின்னதுன்னா பலகையோடவே, முகப்புல ஒட்டாத மெல்லிசு காகிதம் போட்டு, ரெண்டு பக்கமும் அட்டை வச்சுக் கையில எடுத்துட்டு வாங்க, செக்-இன் லக்கேஜ்ல வேண்டாம். பட்டுல மெல்லிசா வரைஞ்சதை மட்டும்தான் தொங்கு சுருளா மாத்த முடியும், அதுக்குத் தனித் தொழிலாளி இருக்காங்க, செலவு படத்துக்கான சாமானை விடப் பல மடங்கு வரும், மாசக்கணக்கும் ஆகும், அதனால ஊர் திரும்புற தேதி தெரிஞ்ச உடனேயே கொடுத்துருங்க. நிறப்பொடி கொண்டு வந்தா கடை லேபிளை பாட்டில்லேருந்து கிழிக்காம பில்லோட வையுங்க, பேர் இல்லாத வெள்ளைப் பொடிக்கு ஏர்போர்ட்ல விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டியிருக்காது.

வீட்டுல மாட்டும்போது நேர் வெயில் படாத சுவரா, வெளிச்சுவரா இல்லாம உள் சுவரா பாருங்க. கடலோர ஊர்ல இருக்கிறவங்க மழைக் காலத்துல படத்தை இறக்கி, காகிதத்துல சுத்தி, சிலிக்கா பாக்கெட்டோட பெட்டியில வச்சு, காத்து காஞ்சதும் ஒரு நாள் வெளிய எடுத்து நிழல்ல விடுங்க, பசைக்குப் பூஞ்சை ரொம்பப் பிடிக்கும்.